ரோசம்மாள் கொடுத்த ஒப்புதல்

அரசாங்கக் கடிதம் வந்த அன்று ஷைனி ஊட்டில் இல்லை. முதல் ஷிப்ட். அவள் புருஷன் அன்பு கையெழுத்துப் போட்டு வாங்கி, பிரிக்காமல் டிவி மேல் வைத்திருந்தான். பழுப்பு உறையில் முத்திரையோடு வருவது எதுவும் நல்லதற்கு இல்லை என்பது அவன் அனுபவம்.

ஷைனிக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், பெயிண்ட் டப்பா செய்யும் கம்பெனி ஒன்றில் பேக்கிங் பிரிவில் பதினொரு வருஷமாக வேலை. ஓடைக்கண்டிகை காலனியில் ஊடு. அவள் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு, அறுத்து, கூலி வாங்கியவர்கள். அந்த நிலமெல்லாம் இப்போது காம்பவுண்டுச் சுவர்களுக்கு உள்ளே போய்விட்டது. வெயில் ஏறினால் இரும்பு ஆலைகளின் செந்தூள் காலனிக் கூரைகளில் வந்து படியும். துணி காயப்போட்டால் உதறித்தான் எடுக்க வேண்டும்.

அவளிடம் ஊருக்கே தெரிந்த குணம் ஒன்று உண்டு, வாய் திறந்து கேட்டுவிடுவாள். காலனி வழியாக வந்துகொண்டிருந்த பஸ்ஸை ஒருமுறை திடீரென்று நிறுத்திவிட்டார்கள். ஷைனி நாற்பது பெண்களைக் கூட்டிக்கொண்டு போய், மூன்று நாள் பஸ் டிப்போ ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தாள். நான்காம் நாள் பஸ் வந்தது. பேப்பரில் அவள் போட்டோவும் வந்தது.

கடிதத்தை அவளே பிரித்துப் படித்தாள். சிறுபான்மை மக்களின் நலனுக்கான ஆலோசனைக் குழு ஒன்றில் கிறிஸ்தவர்கள் சார்பில் அவளை உறுப்பினராக நியமித்திருந்தார்கள்.

"நீ எழுதிப் போட்டியா?" என்றான் அன்பு.

"இல்லயே."

"அப்பறம் உன் பேரு எப்புடித் தெரியும் அவங்களுக்கு?"

"பஸ் மேட்டர்ல தெரிஞ்சிருக்கும். பேசற ஆளு வேணும்னு போட்டிருப்பாங்க."

அதை அவள் மனதார நம்பினாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஃபாதர் அவள் பேரை அறிவித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். கேட்க வேண்டியவற்றை ஒரு நோட்டில் வரிசையாக எழுதினாள். முதல் வரி, கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் பாதை. மழை பெய்தால் சவப்பெட்டியை முழங்கால் தண்ணீரில்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

முதல் கூட்டம் மார்ச் மாதம். இரண்டு பஸ் மாறிக் குழுவின் ஆபீசுக்குப் போனாள். மூன்றாவது மாடியில், நீளமான ஒரு ஹால். ஜன்னல்கள் எல்லாம் மூடியிருந்தன. வெளியே பட்டப்பகல், உள்ளே டியூப் லைட். பெரிய மேஜையைச் சுற்றிப் பதினோரு நாற்காலி. இரண்டு மூன்று பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள், யாரும் யாரோடும் பேசவில்லை.

அட்டெண்டர் பரத் அவளைப் பார்த்ததும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். "வாங்க மேடம். போன வாட்டி உக்காந்த எடம்தான்."

"நான் இதுக்கு முன்னாடி வந்ததே இல்லியேப்பா."

அவன் சிரித்தான். ஏதோ வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்ட மாதிரி இருந்தது அந்தச் சிரிப்பு. ஷைனி உட்கார்ந்தாள். எதிரில் இருந்த பெயர்ப் பலகையைத் திருப்பிப் பார்த்தாள்.

திருமதி ரோசம்மாள், உறுப்பினர்.

அவளுக்கு முதுகில் யாரோ ஈரத்துணி போட்டதுபோல் இருந்தது. ரோசம்மாளை அவளுக்குத் தெரியும். பக்கத்து மேலக்கண்டிகையில் அங்கன்வாடி டீச்சராக இருந்து ரிட்டையரானவர். ஏதோ கமிட்டியில் இருக்கிறார் என்று ஊரில் சொல்வார்கள். இரண்டரை வருஷத்துக்கு முன்னால், ஒரு ஆகஸ்ட் மாதம், மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். அடக்கத்துக்கு ஷைனி போயிருந்தாள். பிடி மண் அள்ளிப் போட்டவர்களில் அவளும் ஒருத்தி.

கண்காணிப்பாளர் துளசிராமனைக் கூப்பிட்டுப் பலகையைக் காட்டினாள். தலை நரைத்த, மெதுவாகப் பேசும் மனிதர். "அடடா. அடுத்த தடவை மாத்திடலாம்மா. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க," என்றார்.

தலைவர் மோகன்ராஜ் வந்தார். கூட்டம் தொடங்கியது. ஷைனி தன் முறை வந்ததும் எழுந்து கல்லறைப் பாதையைப் பற்றிச் சொன்னாள். மைக்கில் பச்சை விளக்கு எரிந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. குரலை உயர்த்திப் பேசினாள். மேஜையைச் சுற்றியிருந்த எந்தத் தலையும் நிமிரவில்லை. முடித்ததும் தலைவர் காகிதத்தைப் பார்த்தபடியே சொன்னார், "நன்றி ரோசம்மாள் அம்மா."

இரண்டு வாரம் கழித்துக் கூட்டக் குறிப்பின் நகல் தபாலில் வந்தது. அவள் பேசியதாக அதில் ஒரே வரி இருந்தது. அரசின் நலத்திட்டங்களுக்கு உறுப்பினர் நன்றி தெரிவித்தார்.

"நான் நன்றி சொல்லவே இல்லய்யா," என்றாள் அன்பிடம்.

"பேஜாரு புடிச்ச வேல. டைப் அடிக்கறவன் இதையே எல்லாருக்கும் அடிப்பான். வுடு."

அவள் விட்டுவிட்டாள். ஆனால் கம்பெனியில் டப்பாக்களை அடுக்கும்போது அந்த வரி திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது. சொன்னேனா? உட்காரும்போது வழக்கமாகச் சொல்வது போல 'நன்றி' என்று சொல்லியிருப்பேனோ?

ஜூன் மாதக் கூட்டத்துக்கு வந்த காகிதத்தில் மூன்றாவது பொருளாக இருந்தது: தொழிற்பேட்டை லாரி ரோட்டை அகலப்படுத்த, ஓடைக்கண்டிகை கல்லறைத் தோட்டத்தை இடம் மாற்றுதல். ஏற்கெனவே பெற்ற ஒப்புதலை உறுதி செய்தல்.

யார் கொடுத்த ஒப்புதல் என்று அவளுக்குப் புரியவில்லை. ஃபாதரைக் கேட்டாள், அவருக்கும் தெரியவில்லை. காலனியில் ஒருவருக்கும் தெரியவில்லை. அதனால் கூட்டத்தன்று ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே போய், பழைய குறிப்புகளைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். துளசிராமன் தலைவர் அறையில் இருந்தார். பரத் எதுவும் கேட்காமல் பீரோவைத் திறந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து அவள் முன்னால் வைத்துவிட்டுப் போனான்.

ஹாலில் அவளைத் தவிர யாரும் இல்லை. மின்விசிறி சுற்றியது. காகிதங்களின் ஓரம் மட்டும் படபடத்தது.

ரோசம்மாளின் பேரைத் தேடிப் பக்கம் பக்கமாகப் பார்த்தாள். தொடக்கத்தில் இருந்த கையெழுத்துகள் நடுங்கிய கையால் போட்டவை. கடைசி எழுத்து எப்போதும் கோட்டுக்குக் கீழே சரிந்துவிடும். ஓரிடத்தில் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே அவர் சின்னதாக எழுதியிருந்தார்: நான் இப்படிச் சொல்லவில்லை. தேதி, 2022 ஜூன்.

அதற்கு அடுத்த கூட்டம் செப்டம்பர். ரோசம்மாள் இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அந்தப் பக்கத்திலும் கையெழுத்து இருந்தது. நடுக்கம் இல்லை. ஒவ்வொரு எழுத்தும் கோட்டின் மேல் நேராக நின்றது.

ஷைனி நாற்காலியை மேஜைக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துக்கொண்டாள். டிசம்பர். மார்ச். ஜூன். எண்ணினாள். இறந்த பிறகு ரோசம்மாள் பத்துக் கூட்டத்துக்கு வந்திருந்தார். எதிலும் அவர் மறுத்துப் பேசவில்லை. அந்த டிசம்பர் பக்கத்தில் இப்படி இருந்தது: 'உறுப்பினர் திருமதி ரோசம்மாள், தம் சமூக மக்கள் சார்பில், கல்லறைத் தோட்டத்தை இடம் மாற்ற முழுமனதுடன் ஒப்புதல் தெரிவித்தார்.'

அந்தத் தோட்டத்தில்தான் ரோசம்மாளைப் புதைத்திருந்தார்கள். மண்மேடு அமுங்கக்கூட இல்லாத அந்த நான்காவது மாதத்தில், தன்னைத் தோண்டி எடுக்க அவரே முழுமனதுடன் சம்மதம் சொல்லியிருந்தார்.

ஷைனி புத்தகத்தை மூடியிருக்கலாம். மூடவில்லை. கடைசியாக ஒட்டியிருந்த தாளுக்குப் போனாள். அன்றைய தேதி. பதினொன்றரை மணிக்குக் கூட்டம் தொடங்கியது, ஒன்றே காலுக்கு முடிந்தது என்று அச்சாகியிருந்தது. அப்போது மணி பத்தரைகூட ஆகவில்லை. மூன்றாம் பொருளுக்கு நேராக, உறுப்பினர் திருமதி ஷைனி வழிமொழிந்தார் என்று இருந்தது. கீழே அவளுடைய கையெழுத்து. கடைசியில் இரண்டு புள்ளி வைப்பது அவள் பழக்கம். இரண்டு புள்ளியும் இருந்தன.

அதைத் தொட்டுப் பார்த்தாள். மை காய்ந்திருந்தது. நான் எப்போது போட்டேன் என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். ஒரு நிமிஷம், போட்டிருப்பேன் என்றே தோன்றியது. அதுதான் எல்லாவற்றையும்விட அவளைப் பயமுறுத்தியதாகப் பின்னால், கம்பெனியில் அவளோடு வேலை செய்யும் என்னிடம் சொன்னாள்.

கூட்டம் பதினொன்றரைக்குத் தொடங்கியது. பெயர்ப் பலகையில் இப்போது ஷைனி என்று இருந்தது. மூன்றாம் பொருள் வந்தபோது எழுந்து நின்றாள். வாய் திறந்தது. பஸ்ஸுக்காக மூன்று நாள் கத்திய அந்த வாயிலிருந்து காற்றுதான் வந்தது. தலைவர் இரண்டு விநாடி காத்திருந்தார். "ஷைனி அம்மா வழிமொழியறாங்க. அடுத்து," என்றார். அவள் உட்கார்ந்துவிட்டாள். ஒன்றே காலுக்குக் கூட்டம் முடிந்தது.

காகிதத்தில் முன்கூட்டியே எழுதியிருந்தது அப்படியே நடந்துவிட்டது.

ஊட்டுக்கு வந்தவள் அடுப்படியில் நின்றுகொண்டே கேட்டாள், "யோவ், நான் பேசறது உனக்குக் கேக்குதா?"

அன்பு பயந்துபோனான். "இன்னா ஆச்சு ஷைனி? கேக்குது. நல்லாக் கேக்குது."

அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் நம்பினான், ஆனால் என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. "ரோசம்மா டீச்சர் புள்ளையப் போய்ப் பாரு," என்றான்.

ரோசம்மாளின் மகன் ஸ்டீவன் கிரேன் ஓட்டுபவன். மறுநாள் மாலை டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தான். அவள் சொல்லச் சொல்ல அவன் முகம் மாறவே இல்லை.

"எனக்குத் தெரியும்க்கா. அம்மா செத்தப்பறமும் மீட்டிங் லெட்டர் வந்துக்கினே இருந்துச்சு. டெத் சர்டிபிகேட்டை எடுத்துக்கினு நானே போனேன். அந்த நரைமுடிப் பெரியவரு வாங்கிப் பாத்தாரு. 'பரவால்லப்பா, பீரியட் முடியற வரைக்கும் இருக்கட்டும்'னு சொல்லிட்டாரு."

"யாரு இருக்கட்டுமாம்?"

"அம்மாதான்." அவன் தரையைப் பார்த்தான். "அப்பறம் எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சுக்கா. லெட்டர்ல தேதி போட்டிருக்கும்ல. அந்தத் தேதி வந்தா மத்தியானம் வாசல்ல வந்து நிப்பேன். மீட்டிங் முடிச்சுட்டு அம்மா பஸ் எறங்கி வருவாங்களோன்னு. சிரிக்காதீங்க."

ஷைனி சிரிக்கவில்லை.

"உயிரோட இருக்கறப்பவும் அம்மா அங்க போய்ட்டு வந்தா சரியா இருக்க மாட்டாங்க. பொடவைகூட மாத்தாம உக்காந்துக்கினு, 'டேய், நான் இன்னைக்கு அங்க பேசுனனாடா'ன்னு என்னக் கேப்பாங்க. நான் கூடவா போனேன், எனக்கு எப்புடித் தெரியும்?"

அன்று அவனிடமிருந்து இறப்புச் சான்றிதழின் நகலை வாங்கிக்கொண்டாள். கல்லறையில் பெண்டாட்டி, பிள்ளை, அப்பா, அம்மா இருக்கிற ஒவ்வொரு ஊட்டுக்கும் போய், யாராவது உங்களிடம் கேட்டார்களா என்று விசாரித்தாள். நூற்றுப் பதினெட்டு ஊடு. ஒருவரிடமும் யாரும் கேட்கவில்லை. அத்தனை பேரும் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அதற்குள் தோட்டத்தின் ஓரமாக மஞ்சள் பெயிண்ட் அடித்த அளவுக் கற்கள் வந்துவிட்டன. ஒரு கல்லை ரோசம்மாளின் சிலுவைக்கு ஒரு முழம் தள்ளி நட்டிருந்தார்கள். நட்டவர்களை ஊரில் யாரும் பார்க்கவில்லை.

செப்டம்பர் கூட்டத்தன்று ஷைனி கைப்பையில் அத்தனையும் எடுத்துக்கொண்டு போனாள். அன்பு கூடவே வந்து கீழே மரத்தடியில் நின்றான். மாடிப்படி ஏறும்போது அவளுக்கு வேர்த்தது. காகிதத்தில் தனக்காக இன்றைக்கு என்ன எழுதி வைத்திருப்பார்கள் என்ற எண்ணம் படிக்குப் படி கூடவே ஏறி வந்தது.

எல்லாக் கூட்டத்திலும் முதல் பொருள் ஒன்றேதான். சென்ற கூட்டத்தின் குறிப்பை உறுதி செய்தல். யாரும் அதைக் கவனிக்கமாட்டார்கள். தலைவர் அதைப் படித்து முடிக்குமுன் ஷைனி எழுந்தாள். மைக்கைத் தொடவில்லை.

"உறுதி செய்யக் கூடாது சார். அதுல இருக்கறது பொய்."

முதல் முறையாக எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. அந்த முகங்களை அன்றுதான் நேராகப் பார்த்ததாக அவள் சொன்னாள். எல்லாமே களைத்த முகங்கள்.

"ரோசம்மா டீச்சர் ஆகஸ்டுல செத்தாங்க. இது சர்டிபிகேட். டிசம்பர்ல இங்க உக்காந்து, கல்லறையை எடுத்துக்குங்கன்னு சொன்னதா எழுதியிருக்கு. அதுக்கப்பறமும் எட்டு கூட்டம் வந்திருக்காங்க. என் கையெழுத்து நான் வர்றதுக்கு முன்னாடியே இருந்துச்சு. நான் வழிமொழியல. அன்னைக்கு எனக்குப் பேச்சு வரல, அவ்வளவுதான். பேச்சு வரலேன்னா சம்மதம்னு அர்த்தமில்ல."

துளசிராமன் கையில் இருந்த பேனா மூடியைத் திறந்தார், மூடினார். தலைவர் மெதுவாகச் சொன்னார், "சரிம்மா. உங்க உணர்வு புரியுது. குறிப்புல சேத்துக்கலாம்."

"எப்புடி சேப்பீங்க? நன்றி சொன்னாங்கன்னா?"

பிறகு அவளுக்கு நேர் எதிரில் இருந்தவர், பொன்னேரிப் பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் அப்துல் சுபான், கையை நீட்டினார். ஆறு வருஷமாக உறுப்பினர். அவர் குரலை ஷைனி அதுவரை கேட்டதே இல்லை.

"அந்தப் புக்கை இப்புடிக் கொடுங்க."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்றார். உதடுகள் அசைந்தன. திரும்ப அதையே படித்தார். "போன வருஷம் மார்ச்சுல நான் இங்க இல்ல," என்றார். "பைபாஸ் ஆபரேஷன். ஆஸ்பத்திரியில மயக்கத்துல கெடந்தேன். இங்க நான் நாலு வரி பேசியிருக்கேன்." யாரிடமோ மன்னிப்புக் கேட்பவர்போல் சுற்றிலும் பார்த்தார். "நல்லாவும் பேசியிருக்கேன்."

புத்தகம் மேஜையைச் சுற்றிக் கை மாறியது. ஒவ்வொருவரும் தன் பேரைத் தேடினார்கள். தான் ஒருபோதும் சொல்லாததைத் தன் குரலாகப் படித்தார்கள். ஒருவர் பாதியிலேயே மூடிப் பக்கத்தில் தள்ளிவிட்டார். ஒருவர் எழுந்து போய் ஜன்னலைத் திறக்கப் பார்த்தார், தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது. யாரும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றாள் ஷைனி.

கல்லறைத் தோட்டத்தை இடம் மாற்றும் அந்தப் பொருளை அன்று ஒத்திவைத்தார்கள்.

கீழே இறங்கும்போது துளசிராமன் படியில் அவளை நிறுத்தினார். கோபமாக இல்லை.

"நான் கெட்டவன் இல்லம்மா. முப்பது வருஷமா இந்த சீட்ல இருக்கேன். பட்டியல்ல ஒரு கிறிஸ்டியன், ஒரு லேடி, காலனிக்காரங்க இருக்கணும். இருந்தா எல்லாம் சரியா நடந்ததா அர்த்தம். மேலேர்ந்து பேப்பர் கேப்பாங்க, நான் பேப்பர் குடுப்பேன். உங்க கையெழுத்து சேரும்போது குடுத்த ஃபாரத்துலேர்ந்து எடுத்தது."

"என்ன எதுக்கு சார் போட்டீங்க? பேசாத ஆளு எத்தினி பேரு கீறாங்க."

அவர் யோசித்தார். "பேசற ஆளைப் போட்டாத்தான் நம்புவாங்க," என்றார்.

அந்தப் பதிலை அவள் இன்னமும் சுமந்துகொண்டு இருக்கிறாள்.

அதன் பிறகு விசாரணை ஒன்று நடந்தது. துளசிராமனை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். தலைவர் மாறவில்லை. ரோடு கொஞ்சம் வளைந்தது. முழுவதும் வளையவில்லை. தோட்டத்தின் வடக்கு ஓரத்தில் பதினோரு கல்லறைகள் போயே ஆக வேண்டும் என்று வந்தபோது, இந்த முறை அந்தப் பதினோரு குடும்பத்தையும் நேரில் கூப்பிட்டுக் கேட்டார்கள். எட்டு பேர் சரி என்றார்கள். மூன்று பேர் அழுதார்கள், பிறகு சரி என்றார்கள். ரோசம்மாள் இருந்த இடத்திலேயே இருக்கிறார்.

ஷைனி இன்னும் அந்தக் குழுவில்தான் இருக்கிறாள். ராஜினாமா எழுதச் சொன்னான் அன்பு. அவள் கேட்கவில்லை. கூட்டம் முடிந்ததும் அவளும் சுபானும் எழுந்திருப்பதில்லை. அன்றைய குறிப்பைப் பேனாவால் எழுதி, சத்தமாகப் படித்துக் காட்டினால்தான் கிளம்புகிறார்கள். சில நாள் சாயங்காலம் ஆகிவிடும். அவர்கள் கேட்டவற்றில் இதுவரை இரண்டு நடந்திருக்கின்றன. கல்லறைப் பாதைக்கு ஜல்லி கொட்டினார்கள். சுபான் கேட்ட பள்ளிக்கூடச் சுவர் வந்தது. மற்றது எல்லாம் பரிசீலனையில்.

"உங்களை உண்மையாவே சேத்துக்கிட்டாங்களா, பேருக்குத்தானா?" என்று அவளைக் கேட்டேன்.

"கொஞ்சம் ஜல்லியும் ஒரு சொவரும் வந்திருக்கு. பேருக்குன்னா இது எப்புடி வரும்? நெஜமாவேன்னா எனக்கு ஏன் இன்னும் அந்த ஹாலுக்குள்ள போனா கை சில்லுனு ஆவுது?" என்றாள். "நீயே சொல்லு."

பதினோரு கல்லறைகளைத் திறந்த நாளில் நானும் போயிருந்தேன். காலை பத்து மணி, நல்ல வெயில். ஃபாதர் ஜெபித்தார். வெள்ளைத்துணி விரித்து, ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்கள். அந்தந்தக் குடும்பம் அந்தந்தத் துணிக்குப் பக்கத்தில் நின்றது. எல்லாம் முடிந்து, சாட்சி என்று ஒரு அதிகாரி ஷைனியிடம் காகிதத்தை நீட்டினார். அவள் முன்னும் பின்னும் திருப்பி இரண்டு முறை படித்தாள். எழுதியிருந்தது எல்லாம் சரியாகவே இருந்தது. பேனாவை வாங்கியவள் அப்படியே நின்றாள்.

"அன்பு, இங்க வாயேன்," என்றாள். அவன் வந்தான்.

"நான் போடறேன். நீ என் கையப் பாத்துக்கினே இரு."

அவன் பார்த்துக்கொண்டிருக்க, மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பேரை எழுதினாள்.